வைகையில் கப்பல் விடலாம்… சட்டப்படி!

ஒரே ஒரு குதிரைத்திறன். அதை வைத்துச் சாலையில் எவ்வளவு எடையை நகர்த்தலாம் தெரியுமா? சுமார் 150 கிலோ. தண்டவாளத்தில் 500 கிலோ. தண்ணீரில்? 4,000 கிலோ! போக்குவரத்துத் துறையினர் காலங்காலமாகச் சொல்லிவரும் தோராயக் கணக்கு இது. ஆற்றைப் பார்த்தாலே அரசுகளுக்கு ஆசை பிறப்பதும் இதனால்தான்.

அந்த ஆசை எவ்வளவு பெரியது? 2016இல் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் 106 நீர்வழிகளைப் புதிதாகச் சேர்த்தது. ஏற்கெனவே இருந்த 5ஐயும் கூட்டினால் 111 தேசிய நீர்வழிகள். மொத்த நீளம் 20,000 கிலோமீட்டருக்கும் மேல்! கங்கைக்கு எண் 1, பிரம்மபுத்திராவுக்கு 2. பாலாற்றுக்கு? 75. வைகைக்கு? 107! ஆம், மதுரைக்காரர்களே, கள்ளழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிற அதே வைகைதான்.

எண் கொடுப்பது சுலபம். கப்பலுக்கு வேண்டியது ஆழம். ஹல்தியாவிலிருந்து பிரயாக்ராஜ் வரை 1,620 கி.மீ. நீளும் முதலாம் நீர்வழியிலேயே, கீழ்ப்பகுதியில் 3 மீட்டர் ஆழத்தை நிலையாக வைத்திருப்பதுதான் இலக்கு. வாரணாசி பக்கம் போனால் 2.2 மீட்டர் கிடைத்தாலே போதும் என்கிறார்கள். கங்கை ஓயாமல் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நேற்றிருந்த பாதை இன்று மேடு.

இதற்கு ஆற்றோர மக்கள் கண்டுபிடித்த மருந்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். மூங்கில்! மழைக்காலம் முடிந்து நீர் வடியும்போது, மூங்கில் கழிகளை ஆற்றில் ஊன்றி, தட்டிகளைக் கட்டி, ஓட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார்கள். ‘பந்தல்’ (bandal) என்று இதற்குப் பெயர். ஓட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கி வேகமெடுத்து அடிமணலை அரித்துவிடும். தட்டிக்குப் பின்னால் மணல் படியும். ஆறு தன் பாதையைத் தானே தோண்டிக்கொள்கிறது! எரிபொருள் செலவு ஒரு சொட்டு இல்லை. தூர்வாரும் கப்பல்கள் வந்துவிட்ட பிறகும் இந்த மூங்கில் வேலை கைவிடப்படவில்லை.

கங்கையில்தான் நாட்டிலேயே அதிகச் சரக்கு போகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! மகாராஷ்டிரத்தில் அம்பா என்றொரு ஆறு. வெறும் 45 கி.மீ. நீர்வழி. கடல் ஏற்றத்தில் தோணிகள் உள்ளே புகுந்து, டோல்வி உருக்காலைக்கு நிலக்கரியும் இரும்புத்தாதுவும் இறக்குகின்றன. 1,620 கி.மீ. கங்கையைவிட இந்தக் குட்டி ஆற்றில் சரக்கு அதிகம். தேசிய நீர்வழிகளின் சரக்கு 2013-14இல் 1.8 கோடி டன், 2024-25இல் 14.5 கோடி டன் என்று அரசு பெருமையாகச் சொல்லும்போது இதையும் நினைவில் வையுங்கள். கடலோரக் கழிமுகங்களின் பங்கு அதில் பெரியது.

ஆனால் ஆற்றைத் தவிர வேறு நாதியே இல்லாத சரக்கும் உண்டு. திரிபுராவின் பாலடானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டினார்கள். ராட்சத டர்பைன்களை மேகாலய மலைப்பாதைகளில் எப்படி ஏற்றுவது? முடியாது! கொல்கத்தாவிலிருந்து தோணியில் வங்கதேசத்துக்குள் போய், ஆஷுகஞ்ச் ஆற்றுத் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து பிரம்மாண்டமான டிரெய்லர்களில் அகர்தலாவுக்குக் கொண்டுபோனார்கள். இதற்கு வழிவிட்டது 1972ஆம் ஆண்டின் ஆற்றுப் போக்குவரத்து ஒப்பந்தம். இதில் ஒரு வேடிக்கை: பழைய பாலம் டிரெய்லர்களின் கனத்தைத் தாங்காது என்று, வழியில் குறுக்கிட்ட திதாஸ் ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டித் தற்காலிகச் சாலை போட்டார்கள். ஆற்றுவழியில் வந்த சரக்குக்காக ஓர் ஆற்றையே மறித்தார்கள்! உள்ளூர்க்காரர்கள் கொதித்தது நியாயம்தான். பிறகுதான் அதை அகற்றினார்கள். வழிவிட்ட வங்கதேசத்துக்கு 2016 முதல் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் மின்சாரம் போகத் தொடங்கியது.

கேரளத்திலோ நீர்வழிப் பயணம் அன்றாட வாழ்க்கை. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு போய்வருகிறது. இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு அது!

சரி, நம் பக்கிங்காம் கால்வாய்? சாக்கடை என்றுதானே சொல்வீர்கள்? 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய அந்தக் கால்வாய், வளர்ந்து வளர்ந்து ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை 420 கிலோமீட்டரை எட்டியது. உப்பு, விறகு, நெல் எல்லாம் அதன் வழியே சென்னைக்கு வந்தன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நகரத் துண்டைத் தோண்டியவர்கள் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு! பாரதிதாசன் மாமல்லபுரம் போனதும் இந்தக் கால்வாய்ப் படகில்தான். ‘மாவலிபுரச் செலவு’ அப்படிப் பிறந்த கவிதை.

2008இல் இந்தக் கால்வாயும் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியானது. வடக்குக் கால்வாய் முடிந்து தெற்குக் கால்வாய் தொடங்கும் இடமாக அரசு குறித்திருப்பது எதை, தெரியுமா? சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை! அங்கிருந்து தெற்கே படகை விட்டால் எதிரே வருவது, கால்வாய்க்குள்ளேயே இறக்கிய பறக்கும் ரயிலின் தூண்கள்.