"ஒரே வாரத்துல தெம்பு!" - அந்த டப்பாவுக்குள்ள என்னதான் இருக்கு?

எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே களைப்பா இருக்கா? மாடிப்படி ஏறினா கால் கனக்குதா? இதை போன்ல ஒரே ஒரு தடவை தேடியிருந்தா போதும். கொஞ்ச நேரத்துல உங்க ரீல்ஸ்ல ஒருத்தர் வந்து, "இது சாதாரண சோர்வு இல்லை... உங்க அட்ரினல் களைச்சுப் போச்சு" என்பார். கீழே ஒரு லிங்க். உள்ளே போனால் ஒரு கேள்வித்தாள்.

நானும் ஒன்றை நிரப்பிப் பார்த்தேன். காலையில் எழுந்திருக்கச் சிரமமா? ஆம். சாயங்காலம் காபி இல்லாமல் முடியாதா? ஆம். உப்பா எதையாவது கொறிக்கத் தோணுதா? ஆமாங்க, ஆம்! முடிவு: எனக்கு 'அட்ரினல் ஃபட்டீக்'. இந்தக் கணக்குப்படி எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட தப்ப முடியாது.

அட்ரினல் என்பது இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. கார்ட்டிசால் சுரப்பது இங்கேதான். ஸ்ட்ரெஸ் அதிகமானால் இந்தச் சுரப்பி ஓய்ந்துபோய்விடும் என்று சொல்லி, 'அட்ரினல் ஃபட்டீக்' என்ற பெயரை 1998-ல் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்க மாற்று மருத்துவர். பிரேசில் ஆய்வாளர்கள் இதுபற்றிய 58 ஆய்வுகளை அலசி, 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்படி ஒரு நோயே இல்லை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியும் இதை நோயாக ஏற்கவில்லை. அட்ரினல் நிஜமாகவே செயலிழக்கும் 'அடிசன்ஸ்' நோய் வேறு. அது அரிதானது, ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியது.

"நோய் இல்லாட்டி என்ன... மாத்திரை சாப்பிட்டா நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான்.

அந்தத் தெம்பு எங்கிருந்து வருது?

'அட்ரினல் சப்போர்ட்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற 12 சப்ளிமென்ட்களை ஆய்வகத்தில் பரிசோதித்த முடிவுகள், மேயோ கிளினிக்கின் மருத்துவ இதழில் 2018-ல் வெளியாயின. பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. அளவு சிறியதுதான். ஆனால், மூலிகைன்னு நம்பி மாசக்கணக்கில் சாப்பிடுறவங்களுக்கு உள்ளே ஹார்மோன் இருப்பதே தெரியாது.

எல்லாவற்றிலும் அளவு சிறியதாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மூட்டுவலிக்கு 'இயற்கை' மாத்திரையாக விற்ற 'ஆர்ட்ரி கிங்' என்ற தயாரிப்பில், டெக்ஸாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2022-ல் கண்டுபிடித்து எச்சரித்தது. லேபிளில் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூட கிடையாது.

ஸ்டீராய்டு போனதும் முதல் சில நாள் ஜம்முன்னு இருக்கும். வலி குறையும், பசி எடுக்கும், மனசுகூட உற்சாகமாகும். 'ஒரே வாரத்துல தெம்பு' என்று ரிவ்யூ எழுதுறவங்க எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உள்ளே நடப்பது வேற. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், 'நமக்கு வேலை இல்லை' என்று மூளை சிக்னலை நிறுத்திவிடும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் அட்ரினல் சுரப்பி சுருங்கும். முகம் உப்பும், சுகர் ஏறும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். அப்புறம் ஒருநாள் டப்பா தீர்ந்துபோய் திடீரென நிறுத்தினால், உடம்பில் சொந்தக் கார்ட்டிசாலும் இருக்காது. பிரஷர் இறங்கி, வாந்தி, மயக்கம் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லாத அட்ரினல் நோய்க்குச் சாப்பிட்ட மருந்து, நிஜமான அட்ரினல் நோயைக் கொண்டுவந்துவிடுகிறது!

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருந்தால் அது உணவுக்கான லைசென்ஸ் மட்டுமே. நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று இல்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் அங்கேயே போட்டிருக்கும். லேபிளே இல்லாத பொட்டலம் என்றால்... சொல்லவே வேண்டாம்.

"அமுக்கரா பாட்டி காலத்து மருந்துதானே?" ஆமாம், அஸ்வகந்தாதான். ஆனால் பாலில் கலந்த ஒரு சிட்டிகைப் பொடியும், சாறு இறுக்கி அடைத்த கேப்ஸ்யூலும் ஒன்றல்ல. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம். சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. இன்னொரு பழக்கம், "ரொம்ப டயர்டா இருக்கு, ஒரு ட்ரிப்ஸ் ஏத்திக்கிறேன்". நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கிற ஒருவருக்கு அதில் கிடைக்கும் பலன் சொற்பம். ஊசி குத்திய இடத்தில் தொற்றும், அலர்ஜியும் வர வாய்ப்பு உண்டு.

ஏமாளிகளா இவர்கள்?

இல்லை. பலரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடப்பட்டவர்கள். காது கொடுத்துக் கேட்கிற முதல் ஆள் அந்த ரீல்ஸ்காரராக இருந்தால், யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

அவர்களில் சிலருக்கு இருப்பது எம்.இ/சி.எஃப்.எஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய். சோம்பேறித்தனமோ கற்பனையோ கிடையாது. ஆறு மாதத்துக்கும் மேல் நீடிக்கும் களைப்பு, தூங்கினாலும் தீராத அசதி, மூளை மந்தமாவது... முக்கியமாக, கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் அன்றோ மறுநாளோ மொத்தமாகப் படுத்துவிடுவது. அமெரிக்காவில் மட்டும் 8.36 லட்சம் முதல் 25 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என்றும், பெரும்பாலானோருக்குக் கண்டறியப்படவே இல்லை என்றும் அந்நாட்டு மருத்துவ நிறுவனம் 2015-ல் கணித்தது. இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. விற்பவர்கள் கடை விரிப்பது இந்த வெற்றிடத்தில்தான். "ஜிம்முக்குப் போ, சரியாயிடும்" என்கிற அறிவுரையும் இவர்களுக்கு ஆகாது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. இருக்கிற சக்தியை பேட்டரி மாதிரி அளந்து செலவழிப்பதும், தூக்கம், வலி என ஒவ்வொன்றுக்கும் தனியாக மருத்துவம் பார்ப்பதும்தான் இப்போதைக்கு வழி.

ஆனால், சோர்வாக இருக்கும் எல்லாருக்கும் இந்த நோய் கிடையாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! அதனால் முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, சுகர், பி12 பார்த்துவிடுங்கள். குறட்டை, மனச்சோர்வு, சமீபத்தில் வந்த காய்ச்சல் என எதையும் டாக்டரிடம் விடாமல் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து 'எனர்ஜி பேக்' வாங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில், சாதாரண தைராய்டு கோளாறு ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பெயரை மட்டும் சொல்லாமல் டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் சொல்வார். நிறுத்திய பிறகு வாந்தியோ, எழுந்து நின்றால் கண் இருட்டுவதோ வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்... 108-ஐ அழையுங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.