தவிர்க்கக்கூடிய பயணம்

கொண்டச்சிக்குச் சிலாவத்துறை வைத்தியசாலை பக்கம்தான். ஆனால் விழுந்து தொடை எலும்பு முறிந்தவருக்கும் தலையில் பலமாக அடிபட்டவருக்கும் பயணம் பெரும்பாலும் அங்கே முடிவதில்லை. அரிப்பைக் கடந்து, அருவி ஆற்றைத் தாண்டி மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கே தங்கும் நாளெல்லாம் துணைக்கு நிற்பவரின் உழைப்பும் நின்றுவிடும். இந்தப் பயணங்களில் பலவற்றை வீட்டிலேயே தடுத்துவிடலாம்.

சிறிய விடயம் அல்ல

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் ஆட்கள் அனுமதிக்கப்படுவதற்கான காரணங்களில் காயங்களே பல ஆண்டுகளாக முதலிடத்தில் உள்ளன. விழுதலால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இறப்பவர்களில் அதிகமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

ஈரத் தரையும் இருட்டும்

முதியவர்கள் பெரும்பாலும் விழுவது பழகிய வீட்டுக்குள்தான். சுபஹுத் தொழுகைக்கு எழும்பி அரை இருட்டில் வுழூ செய்யப் போகும் வழி, கிணற்றடிப் பாசி, மலசலகூடத்தின் வழுக்கும் தரை ஓடு ஆகியவற்றை முதலில் கவனியுங்கள். மலசலகூடச் சுவரில் உறுதியான பிடி, வழியில் இரவு முழுவதும் எரியும் சிறிய பல்ப், தேய்ந்த செருப்புக்குப் பதில் புதியது: செலவு அதிகமில்லை. வுழூ செய்யும் இடத்தில் உட்கார ஓர் உயரமான கட்டு இருந்தால், ஒற்றைக் காலில் நின்று கழுவ வேண்டியதில்லை.

குளிசையும் நோன்பும்

பிரஷர் குளிசை, தூக்கக் குளிசை, சிறுநீரைக் கூட்டும் குளிசை ஆகியவை சிலருக்குத் தலைசுற்றலைத் தரும். படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்து, பிறகு எழும்புவது நல்லது. நீரிழிவு முற்றியவர்களில் பலருக்குப் பாதம் மரத்துப்போவதால் தரையின் மேடுபள்ளம் தெரியாது. றமழானில் சீனி இறங்குவதும் உடலில் நீர் குறைவதும் மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக் குளிசை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியும் கைகொடுக்கும்: கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சியைத் தொடர்ந்து செய்யும் முதியவர்கள் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மரமும் கூரையும்

இளையவர்கள் விழுவது உயரத்திலிருந்து. மரமுந்திரிகைக் கொட்டை முற்றினால் தானாகவே விழும். அதற்காகக் கிளையில் ஏறத் தேவையில்லை. அஸ்பெஸ்ரஸ் சீற்றில் நேரே கால் வைக்காதீர்கள். வளைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் நடவுங்கள். மழை நின்ற கையோடு எந்த மரத்திலும் ஏறவேண்டாம்.

தூக்குவதற்கு முன்

உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்து ஓட்டோவில் ஏற்றுவது ஆபத்து. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த அசைவே காலை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். கழுத்தை அசைக்காமல் கிடந்தபடியே வைத்து, 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

விழுந்த முதியவரின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவுவதும், முறிவு நெரிவு வைத்தியரைத் தேடி நாளைக் கடத்துவதும் கூடாது. சத்திரசிகிச்சை தாமதித்தால் படுக்கைப் புண், நிமோனியா, இரத்தக்கட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, அதிக தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, உடலின் ஒரு பக்கத்தில் பலவீனம் இருந்தால் காத்திருக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் போகவேண்டும்.

காயமில்லாத விழுகை

விழுந்தும் ஒன்றும் ஆகாவிட்டால் பலர் அதை வீட்டில்கூடச் சொல்வதில்லை. ஆனால் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். எங்கே, எந்த நேரத்தில், எந்தக் குளிசை எடுத்த பிறகு விழுந்தார் என்பதை அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றவும், கண்ணையும் காலையும் பார்க்கவும் வைத்தியருக்குக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் அதுதான்.