நூறு சேர்த்தால் ஒரு சென்ட்

1996 ஜனவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் ஆகிய மூன்று நகரங்களில் ஒரு சோதனை தொடங்கியது. சலவைத் தூளிலிருந்து பற்பசை வரை விற்கும் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், அந்த வட்டாரத்தில் மட்டும் கூப்பன் கொடுப்பதை அடியோடு நிறுத்தியது. கூப்பனை அச்சடிக்க, அனுப்ப, எண்ண என்று எவ்வளவோ செலவு. ஆனால் நூறு கூப்பன் கொடுத்தால் கடைக்குத் திரும்பி வருவது இரண்டுதான். வீணாகும் அந்தக் காசை மிச்சம்பிடித்து, பொருளின் விலையை எல்லோருக்கும் குறைவாக வைத்துவிடலாம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது.

கணக்கில் தப்பில்லை. ஆட்கள்தான் ஒத்துவரவில்லை.

நிறுவனத்தின் பொருள்களை வாங்கமாட்டோம் என்று புறக்கணிப்பு கிளம்பியது. கையெழுத்து வேட்டை நடந்தது. பொது விசாரணைக் கூட்டங்களில் மக்கள் எழுந்து நின்று குமுறினார்கள். 18 மாதம் நடக்கவேண்டிய சோதனையை 14 மாதத்திலேயே, 1997 ஏப்ரலில், மூட்டை கட்டவேண்டியதாயிற்று. விவகாரம் அதோடு ஓயவில்லை. மற்ற நிறுவனங்களும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு கூப்பனை நிறுத்தினவா என்று மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் விசாரணையில் இறங்கினார். தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே நிறுவனங்கள் 42 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அந்தத் தொகை மக்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? கூப்பனாக!

விலையைக் குறைத்ததற்கு யாராவது சண்டைக்கு வருவார்களா? வந்தார்கள். ஏன் என்று புரிய, கூப்பன் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஒரே பொருளை ஆளுக்கு ஒரு விலையில் விற்க எந்த வியாபாரிக்குத்தான் ஆசை இருக்காது? சந்தையில் கடை விரித்திருப்பவர் வருகிறவரின் முகத்தையும் பையையும் பார்த்தே கத்தரிக்காய்க்கு விலை சொல்லிவிடுவார். சூப்பர் மார்க்கெட்டில் அதற்கு வழியில்லை. விலைச் சீட்டு எல்லோருக்கும் பொது. இந்த இடத்தில்தான் கூப்பன் நுழைகிறது. செய்தித்தாளைப் பிரித்து, கத்தரித்து, பத்திரப்படுத்தி, காலாவதியாகும் முன் கடைக்கு மறக்காமல் எடுத்துப்போகிறவர் யார்? பத்து ரூபாய் வித்தியாசம் யாருக்குப் பெரிதோ அவர். நேரமில்லாதவரும் காசைப் பற்றிக் கவலைப்படாதவரும் முழு விலை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சக்கரவர்த்தி நரசிம்மன் என்ற ஆய்வாளர் 1984-இல் ‘மார்க்கெட்டிங் சயன்ஸ்’ இதழில் இதைக் கோட்பாடாகவே எழுதினார். யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்பது அதன் சாரம்.

ஆக, வேலை வைப்பதுதான் கூப்பனின் வேலை. திரும்பி வராத 98 கூப்பன்களை வீண் என்று எண்ணியதில்தான் கோளாறு. கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து சம்பாதித்த சலுகையை ஊருக்கே பொதுவாக்கினால், சம்பாதித்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

‘கூப்பன்’ என்ற சொல்லுக்குள்ளேயே கத்தரிக்கோல் இருக்கிறது. பிரெஞ்சில் ‘வெட்டு’ என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது அது. அந்தக் காலத்துக் கடன் பத்திரங்களின் ஓரத்தில் வட்டிச் சீட்டுகள் வரிசையாக அச்சாகியிருக்கும். தவணை வந்ததும் ஒன்றை வெட்டி வங்கியில் கொடுத்து வட்டி வாங்கிக்கொள்ளலாம். அதுதான் முதல் கூப்பன். பிறகு சொல் ஊர் சுற்றக் கிளம்பியது. இலங்கைத் தமிழில் கூப்பன் அரிசி, கூப்பன் கடை என்றால் அது ரேஷன்.

கடைக் கூப்பனை ஊரறியச் செய்தவர் அட்லாண்டாவின் ஏசா கேண்ட்லர். 1886-இல் ஜான் பெம்பர்ட்டன் உருவாக்கிய கோகோ கோலாவை வாங்கித் தன் வசமாக்கிய அவர், ஒரு கிளாஸ் இலவசம் என்று சீட்டு அச்சடித்துக் கொடுத்தார். அன்றைக்கு ஒரு கிளாஸின் விலை 5 சென்ட். 1894-இலிருந்து 1913-க்குள் அப்படி 85 லட்சம் கிளாஸ் இலவசமாக ஊற்றப்பட்டதாகவும், அமெரிக்கர்களில் ஒன்பதில் ஒருவருக்கு அது கிடைத்ததாகவும் ஒரு மதிப்பீடு உண்டு.

இன்னொரு பக்கம், ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் 1896-இல் பச்சைத் தபால்தலை போன்ற சீட்டுகளைக் கொண்டுவந்தது. 10 சென்ட்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு சீட்டு. 1,200 சீட்டுகளை நக்கி நக்கி ஒட்டி ஒரு புத்தகத்தை நிரப்பினால் விளக்கோ டோஸ்டரோ வாங்கலாம். 1960-களில் அமெரிக்க அஞ்சல் துறை அச்சடித்த தபால்தலைகளைப் போல மூன்று மடங்கு சீட்டுகளை இந்த ஒரு நிறுவனம் அச்சடித்தது. ஆண்டி வார்ஹோல் 1962-இல் அதை ஓவியமாகவே தீட்டிவிட்டார்.

அந்தச் சீட்டுகளின் எச்சம் ஒன்று இன்றும் பல அமெரிக்கக் கூப்பன்களின் அடியில் பொடி எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ரொக்க மதிப்பு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. பொருள் வேண்டாதவருக்குச் சீட்டைக் காசாக மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கவேண்டும் என்று சில மாநிலங்கள் சட்டம் போட்டிருந்தன. எவ்வளவு காசு என்று சட்டம் வற்புறுத்தவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மாதிரியும் ஆயிற்று, பணம் போகாத மாதிரியும் ஆயிற்று. நூறு கூப்பன் சேர்த்தால் ஒரு சென்ட் கேட்கலாம்; தபால் செலவு உங்களுடையது.

2010-இல் அமெரிக்காவில் விநியோகமான கூப்பன்கள் சுமார் 33,200 கோடி. குழந்தை குட்டி உட்பட தலைக்கு ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பயன்பட்டவை 330 கோடி, நூற்றுக்கு ஒன்று.

மிச்சம் 99 எங்கே போகின்றன? பெரும்பாலானவை நேரே குப்பைக்கு. சில, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று எடுத்துவைக்கும் இழுப்பறைக்கு. சூசான் ஷூ, யூரி க்னீசி என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இழுப்பறையைப் பற்றியதுதான். மாணவர்களுக்கு ஒரு நல்ல பேக்கரியில் கேக் சாப்பிடச் சீட்டு கொடுத்தார்கள். சிலருக்கு மூன்று வாரக் கெடு, மற்றவர்களுக்கு இரண்டு மாதம். நீண்ட கெடு கிடைத்தவர்களில் 68 சதவீதம் பேர் நிச்சயம் போவோம் என்றார்கள். போனது 6 சதவீதம். மூன்று வாரம் கிடைத்தவர்களிலோ 31 சதவீதம் பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டார்கள். சும்மா கிடைத்த கேக்கைக்கூட, நாள் நிறைய இருக்கிறது என்றால் மனிதன் தள்ளிப்போடுகிறான். கூப்பனில் காலாவதித் தேதியைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் நமக்கு ஒருவகையில் உபகாரம் செய்கிறார்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

முத்திரை குத்தும் அட்டை இன்னும் தந்திரமான சரக்கு. நூனெஸ், ட்ரெஸ் என்ற இருவர் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப்பேரின் அட்டையில் 8 கட்டம், எல்லாம் காலி. மீதிப்பேருக்கு 10 கட்டம், அதில் இரண்டில் முதலிலேயே முத்திரை. இரண்டு தரப்புமே எட்டு முறை காரைக் கழுவினால்தான் ஒன்று இலவசம். முதல் கூட்டத்தில் அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம்; இரண்டாவதில் 34 சதவீதம். கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற நினைப்புக்கு அவ்வளவு இழுப்பு.

கையில் கூப்பன் இருந்தால் செலவு குறையுமா? இணைய மளிகைக் கடை ஒன்றின் விற்பனைக் கணக்கை ஆராய்ந்தபோது, 10 டாலர் தள்ளுபடி கிடைத்தவர்கள் வழக்கத்தைவிட 1.59 டாலர் கூடுதலாகவே வாங்கியிருந்தார்கள்; அதுவும் வழக்கமாக வாங்காத பொருள்களை. 10 டாலர் கூப்பன் கிடைத்தவர்களின் உடலில், மகிழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் ஆக்சிடோசின் ஹார்மோன் 38 சதவீதம் கூடியது என்று 2012-இல் ஒரு செய்தியும் உலகைச் சுற்றி வந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு கூப்பன் நிறுவனம். அந்தச் செய்தியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கவேண்டும்.

நியூயார்க் பாடத்தை எல்லோரும் படித்திருப்பார்கள் என்று நினைத்தால், இல்லை. 2012 பிப்ரவரியில் ஜேசி பென்னி துணிக்கடைத் தொடரின் புதிய தலைவர் ரான் ஜான்சன் கூப்பனையும் தள்ளுபடி விற்பனையையும் ஒழித்து, தினமும் நியாய விலை என்றார். ஆப்பிள் கடைகளை வெற்றிகரமாக வடிவமைத்துவிட்டு வந்தவர் அவர். ஒரே ஆண்டில் விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது, 98.5 கோடி டாலர் நட்டம். 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேறினார், கூப்பன் உள்ளே வந்தது.

கடைக்காரர் வாங்கிப் போட்ட காகிதக் கூப்பனின் பயணம் கல்லாவோடு முடிவதில்லை. மூட்டை மூட்டையாக, கூப்பன்களை எண்ணிக் கணக்குத் தீர்க்கும் தீர்வகங்களுக்குப் போகும். பல மெக்சிகோவில் இருக்கின்றன. கசங்கியும் கிழிந்தும் வருவதைக் கையால் பிரித்து எண்ண அங்கே கூலி குறைவு. எண்ணிக்கை சரியென்றால் தயாரிப்பாளர் கடைக்குக் கூப்பன் தொகையோடு, சிரமத்துக்காக ஒவ்வொன்றுக்கும் 8 சென்ட் சேர்த்துத் தருவார்.

இந்த இடைவெளியில்தான் திருட்டும் நடக்கிறது. கல்லாவில் இருக்கும் இயந்திரம் பார்கோடு சரியா என்று மட்டும் பார்க்கும். கூப்பன் போலி என்பது வாரக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். வர்ஜீனியா பீச்சில் வடிவமைப்பு வேலை தெரிந்த ஒரு பெண் வீட்டிலேயே கூப்பன்களைத் தயாரித்தார். 25 டாலர் டயப்பர் பெட்டிக்கு 24.99 டாலர் தள்ளுபடி! கடைகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் 3.1 கோடி டாலருக்கு மேல் இழப்பு. 2021-இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை.

சட்டத்தை மீறாமலே இந்த விளையாட்டில் ஜெயித்த ஒருவரும் உண்டு. 1999-இல் ஓர் உணவு நிறுவனம், 10 பார்கோடு அனுப்பினால் 500 விமான மைல், மே மாத முடிவுக்குள் அனுப்பினால் 1,000 மைல் என்றது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பொறியாளர் ஒருவர், எந்தப் பொருள் என்று சலுகையில் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். அந்த நிறுவனத்தின் சரக்கில் மலிவானது எது என்று கடை கடையாகத் தேடினார். 25 சென்ட் புட்டிங் கிண்ணம் கிடைத்தது. கிடைத்ததையெல்லாம் அள்ளினார்: மொத்தம் 12,150 கிண்ணம், சுமார் 3,140 டாலர். ஏன் இவ்வளவு என்று கேட்டவர்களிடம், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளெல்லாம் படுத்துவிடும் என்று பயந்து சேர்ப்பதாகச் சொல்லிவைத்தார்.

வாங்கியாயிற்று, பார்கோடை யார் உரிப்பது? மே முடிவுக்குள் ஒரு குடும்பம் உரித்து முடிக்கும் அளவா அது? புட்டிங் முழுவதையும் சால்வேஷன் ஆர்மி தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவர்களுடைய தொண்டர்கள் ஸ்டிக்கர்களை உரித்துக் கொடுத்தார்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள் அவர் கணக்கில் ஏறின. புட்டிங்கை நன்கொடையாகக் காட்டியதில், வருமான வரியில் 815 டாலர் தள்ளுபடியும் கிடைத்தது.