‘ரிங்’ என்னும் வினைச்சொல்

‘போலீசார் அவ்வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினர்’ என்று ஒரு மாணாக்கர் மொழிபெயர்த்தார் எனக் கொள்வோம். மூலத்தில் இருந்ததோ, போலீசார் அவ்வீட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டனர் என்னும் செய்தி. பிழைக்குக் காரணம் ‘ரிங்’ என்னும் சிறு சொல்லே.

ஆங்கிலத்தில் ‘ரிங்’ என ஒலிக்கும் வினைகள் இரண்டு உள. ஒன்று வளையத்தைக் குறிக்கும் பெயரோடு உறவுடையது. சூழ்தல், வளைத்தல் என்பன அதன் பொருள். இறந்தகாலத்தில் அது ‘ரிங்டு’ ஆகும். மற்றது ஓசையைக் குறிப்பது; அது இறந்தகாலத்தில் ‘ரேங்’ எனத் திரியும். இரண்டும் வெவ்வேறு வேரின. எனவே வடிவத்தை நோக்காமல் பொருள்கொள்வார், முற்றுகையைத் தொலைபேசி உரையாடலாக்கிவிடுவர்.

ஓசை குறித்த வினையின் இயற்பொருள் மணி ஒலித்தல், மணியை ஒலிப்பித்தல் என்பன. தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் ஒன்றே. தொலைபேசியில் அழைத்தல் என்னும் பொருள் அக்கருவியில் இருந்த மணியால் வந்தது. இன்றைய கைப்பேசியில் மணி இல்லை; ஆயினும் வினை மாறவில்லை.

குறிப்புப்பொருள்களில்தான் இடர்ப்பாடு மிகுதி. ஒருவர் கூற்று ‘ரிங்ஸ் ட்ரூ’ என்றால் அது மெய்யெனத் தோன்றுகிறது என்பது கருத்து. ‘உண்மை ஒலிக்கிறது’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழாகாது. இவ்வழக்கு நாணயச் சோதனையிலிருந்து பிறந்தது. பொன், வெள்ளிக் காசுகள் வழங்கிய காலத்தில் வணிகர் காசைக் கல்லின்மேல் போட்டு ஓசை கேட்பர். நல்ல வெள்ளி தெளிவாக ஒலித்து, ஒலி சற்று நீளும். ஈயம் கலந்த கள்ளக்காசு மந்தமாக ஒலித்து அடங்கும். தமிழரும் இதனை அறிவர். காசைச் சுண்டிப் பார்த்து வாங்குவது நம்மவர் வழக்கமே. அன்றியும், ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் தமிழில் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. இதை மாணாக்கருக்கு எடுத்துக்காட்டினால் அகராதி தராத தெளிவு பிறக்கும். இதற்கு எதிரான ‘ரிங்ஸ் ஹாலோ’ என்பது, உள்ளே ஒன்றுமில்லாத பாண்டத்தைத் தட்டினாற்போன்ற, உள்ளீடற்ற பேச்சைச் சுட்டும்.

‘ரிங் த சேஞ்சஸ்’ என்னும் தொடரோ இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரங்களுக்குரியது. அங்கே ஆளுக்கொரு மணியாகப் பலர் கயிறு பற்றி நின்று, மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி ஒலிப்பிப்பர். ஏழு மணிகளுக்கு 5,040 வரிசைகள் உண்டு; அத்தனையும் ஒலித்து முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். ஆதலால், இருப்பவற்றையே பலவாறு மாற்றி அமைத்தல் என்பது இத்தொடரின் கருத்தாயிற்று. இருக்கும் நான்கு காய்கறிகளைக் கொண்டே நாளுக்கொரு குழம்பு வைக்கும் இல்லத்தரசிக்கு இது நன்கு பொருந்தும்.

கடையில் ‘ரிங் அப்’ என்பது விற்பனைத் தொகையைப் பதிதல். 1879இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரிட்டி உரிமம் பெற்ற கல்லாப்பெட்டிப் பொறியின் வழிவந்தவற்றில், ஒவ்வொரு விற்பனைக்கும் மணி அடித்தது.

‘இட் ரிங்ஸ் எ பெல்’ என்பதை ‘மணி அடிக்கிறது’ என எழுதினால், படிப்பவர் பள்ளிக்கூடம் விட்டதாகவே கருதக்கூடும். ‘எங்கோ கேட்டது போலிருக்கிறது’ என்பதே ஏற்ற தமிழ். மாறாக, தாய் சொன்ன சொல் காதில் இன்னும் ‘ரிங்’ ஆகிறது என ஆங்கிலேயர் கூறுமிடத்தில், ‘காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது’ என அப்படியே எழுதலாம். அங்கே இருமொழி வழக்கும் ஒன்றே.