எத்தனை கிலோ தூக்கலாம்?

முழங்கால் வலிக்குத் தசைகளைப் பலப்படுத்துமாறு வைத்தியர் கூறியதால், எமது மகளிர் குழுவைச் சேர்ந்த ஐம்பது வயது அக்கா ஒருவர் உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். ஒரே மாதத்தில் நின்றும் விட்டார்.

"பிள்ளை, ஒரு கிலோ டம்பெல்லைத் தந்து மூலையில விட்டிட்டினம். கிணத்தில நான் அள்ளுற வாளித் தண்ணி பத்துக் கிலோ வரும்" என்றார்.

பெண் என்றதும் சிறிய எடையைக் கையில் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்கல் போட்டியே 2000 இல் சிட்னியில்தான் முதன்முதலாக நடந்தது என்னும்போது, இதில் வியப்பில்லை.

உங்களுக்குரிய எடையை அறிவது கடினமல்ல. ஓர் எடையை ஒழுங்கான முறையில் 8 முதல் 12 தடவை தூக்கிப் பாருங்கள். கடைசி இரண்டு தடவைகள் சிரமமாக இருக்க வேண்டும். ஆனால் முதுகு வளையவோ, கை ஆடவோ கூடாது. எட்டுக்கு முன்பே தடுமாறினால் எடை அதிகம். பதினைந்து தடவை கதைத்துக்கொண்டே தூக்க முடிந்தால் அது போதாது. கால்களுக்கும் தோள்களுக்கும் ஒரே எடை பொருந்தாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கால் தசைகள் பெரியவை, அதிகம் தாங்கும். தோளுக்கு இரண்டு மூன்று கிலோவே ஆரம்பத்தில் போதுமாயிருக்கும்.

நீண்ட கம்பியான பார்பெல்லில் தட்டுக்களை மட்டும் கணக்கெடுக்காதீர்கள். பெண்களுக்கான போட்டிக் கம்பி மட்டுமே 15 கிலோ. ஆண்களுடையது 20 கிலோ. 12 தடவைக்கு மேலும் இலகுவாகத் தூக்க முடிகையில், பத்து வீதத்துக்கு மேற்படாமல் எடையைக் கூட்டலாம். வாரத்தில் இரண்டு நாட்களாவது செய்வது நல்லது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்த நோய், இருதய நோய் உள்ளோரும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

"ஆம்பிளை மாதிரி உடம்பு வந்திடுமோ?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அதற்கான ஹோர்மோன் எம்மில் மிகக் குறைவு. மாறாக, மாதவிடாய் நின்றபின் என்புகள் வேகமாக வலுவிழக்கின்றன. அவற்றைக் காக்கவும் இப்பயிற்சி உதவும்.

அக்கா மீண்டும் போகிறார். இம்முறை பயிற்றுநரிடம், "தம்பி, நாலு கிலோவை எடுங்கோ, பாப்பம்" என்று தாமே கேட்டாராம். பத்தாவது தடவையில் கை நடுங்கியதாம். அன்று அதோடு வைத்துவிட்டு வந்தார்.