விசர்நாய்க்கடியும் தற்காப்பும்

1973இல் இலங்கையில் 377 பேரின் உயிர்கொண்ட விசர்நாய்க்கடி நோய், பெரிதுங் குறைந்ததாயினும் இன்னும் ஒழிந்திலது. குணங்குறி தோன்றியபின் இந்நோயைத் தீர்க்கும் மருந்தில்லை. ஆயின் கிருமி நரம்புவழியே மூளையை அடையப் பெரும்பாலும் பல கிழமைகள் செல்லும். அவ்விடைவெளியே நமக்கு அரண்.

நாயோ பூனையோ கடிப்பினும் கீறினும், புண்ணை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் ஆசுபத்திரிக்குச் செல்லல் வேண்டும். ஆங்குத் தடுப்பூசி இலவசம். பார்வை பார்ப்பித்துக் காலங் கழித்தல் தகாது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் முற்காப்பூசி பெற்று ஊர்வரினும், கடியுண்டால் மீண்டும் ஊசி பெறல் வேண்டும்.

நாம் பெரிதும் அஞ்சுவது, ஏச்சுக்குப் பயந்து சிறு கீறலை மறைக்கும் மாணவனை எண்ணியே. அவன் தயங்காது உரைக்குமாறு, வீட்டிலும் வகுப்பிலும் சினவாது கேட்போமாக.