விமானம் ஏறும் முன்பே தொலையும் பணம்: வெளிநாடு செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: பாஸ்போர்ட்டையும் பணப்பையையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே வெளிநாடு செல்வோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. ஆனால், பண இழப்பு பல நேரங்களில் சொந்த ஊரிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்குக் கேரள - தமிழக எல்லையிலுள்ள குளத்தூர் பகுதி சாட்சியாக உள்ளது.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்துள்ளது குளத்தூர் ஊராட்சி. அதன் கடலோரக் கிராமமான பொழியூரைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி. எல்லைக்கோட்டின் இருபுறமும் மீன்பிடித்தலே முதன்மைத் தொழில். கடல் கைகொடுக்காத காலங்களில் இருபுறத்து இளைஞர்களும் நம்புவது வெளிநாட்டு வேலையைத்தான்.

அந்த நம்பிக்கையே 2024-ஆம் ஆண்டு தேசியச் செய்தியானது. பொழியூர், அஞ்சுதெங்கு ஆகிய கடலோரக் கிராமங்களின் இளைஞர்கள், ரஷ்யாவில் பாதுகாவலர் வேலை, மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் என்ற உறுதிமொழியை நம்பிச் சென்று, உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு மார்ச் மாதம் சிபிஐ வழக்குப் பதிவு செய்து, திருவனந்தபுரம், சென்னை, மதுரை உள்ளிட்ட நகரங்களில் சோதனை நடத்தியது. காயமடைந்த இளைஞர்கள் சிலர் ஏப்ரல் மாதத்தில் தாயகம் திரும்பினர். முகவரிடம் கட்டிய பணமும் போய், வேலையும் இன்றி, உயிர் மட்டும் மிஞ்சிய நிலை அது.

முகவருக்கு எவ்வளவு தரலாம்?

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கும் ரசீது தரவேண்டும். நகையை அடகு வைத்து லட்சங்களில் பணம் புரட்டும் குடும்பங்களில் பலருக்கு இந்த வரம்பு இருப்பதே தெரியாது. முகவரின் பதிவு எண் செல்லுபடியாகிறதா என்பதை 'இமைக்ரேட்' இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெறுவது கட்டாயம். ரஷ்யா இப்பட்டியலில் இல்லை. சுற்றுலா விசாவில் ஆளை அனுப்பி, "அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று கூறுவோர் இந்தச் சோதனை முழுவதையும் தவிர்த்துவிடுகின்றனர். விசாவில் உள்ள சொல்லும் வேலை ஒப்பந்தத்தில் உள்ள சொல்லும் பொருந்தவில்லை என்றால், பணம் கட்டுவதை அங்கேயே நிறுத்துவது நல்லது. அனுமதி பெற்றுச் செல்வோருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய். ஒரு சினிமா செலவுகூட இல்லை.

பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?

பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்பு வரை அன்னியச் செலாவணியை நோட்டுகளாகக் கொண்டு செல்லலாம். இந்திய ரூபாய்க்கு வரம்பு 25,000. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இடத்தில் மாற்றி, ரசீதைப் பாதுகாக்க வேண்டும். முதல் சில நாள் செலவுக்கான தொகையை மட்டும் நோட்டாக வைத்துக்கொண்டு, மீதியை அட்டையில் வைப்பது பாதுகாப்பானது. திரும்பி வருவதற்கான விமானக் கட்டணத்தை எக்காரணம் கொண்டும் தொடாமல் தனியே ஒதுக்கவேண்டும். வேலை பொய்த்தாலும், நோய் வந்தாலும் முதலில் உதவுவது அதுதான்.

வங்கி அட்டை வெளிநாட்டில் தானாக இயங்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல், புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறக்கப்பட்டு வருகின்றன. சர்வதேசப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் வாடிக்கையாளரே இயக்க வேண்டும். இந்திய சிம் கார்டில் ரோமிங் இல்லாவிட்டால் ஓடிபி வந்து சேராது என்பதையும் பலர் அங்கே சென்ற பிறகே அறிகின்றனர். கடைகளில் "ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால், அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுப்பது லாபம். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பே முடிவு செய்யும்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது, கூடுதல் விகிதம் காட்டி அழைக்கும் குழல்பணக் கும்பல்களைத் தவிர்க்க வேண்டும். ரசீது இல்லாத அந்தப் பணம் வராமல் போனால் புகார் கொடுக்கவும் வழியில்லை. பழக்கமில்லாதவர் தரும் பொட்டலத்தைச் சுமந்து செல்வது அதைவிட ஆபத்தானது.

பாஸ்போர்ட் யாருடையது?

1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி, பாஸ்போர்ட் மத்திய அரசின் உடைமை. எந்த முதலாளியும் அதை ஈடாகப் பிடித்து வைக்க உரிமையில்லை. அதன் நகலையும் விசா நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லவேண்டும். தொலைந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் அளித்து, இந்தியத் தூதரகத்தில் தாயகம் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் பெறலாம். கையில் காசின்றித் தவிப்போருக்கு விமானச் சீட்டு உள்ளிட்ட உதவி செய்ய, 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களில் செயல்பட்டு வருகிறது.

குளத்தூர் பகுதியினர் திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்தையும், எல்லைக்கு இப்பால் உள்ளோர் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம். முகவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த அலுவலகங்களில் விசாரிக்க முடியும்.